மாலை கழற்றும் நாள்

'சைக்கோ' என்ற சொல்லைத் தமிழ் அகராதிக்காரர்கள் இனியும் தள்ளிவைக்க முடியாது. கிரேக்க மொழியில் அதன் வேருக்கு மூச்சு, உயிர், ஆன்மா என்று பொருள். 1960இல் ஹிட்ச்காக் தன் படத்துக்கு அதைத் தலைப்பாக வைத்தார். அறுபது ஆண்டு கழித்து மிஷ்கினும் வைத்தார். இடைப்பட்ட காலத்தில் ஆன்மா எங்கோ கழன்று விழுந்து, கத்தி மட்டும் மிச்சமிருந்தது. திருத்தணிப் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், நான்கு முறையாவது காதில் விழும். பெண்டாட்டியின் செல்பேசியைப் பிடுங்கிப் பார்க்கிறவன் சைக்கோ. நடுரோட்டில் ஆட்டோவைத் திருப்புகிறவன் சைக்கோ. உள்மதிப்பீட்டுத் தேர்வில் யாப்பிலக்கணத்திலிருந்து இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்ட நானும் சைக்கோ என்று கடைசி பெஞ்சில் எழுதிவைத்திருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லை என்பதால் நான் அழிக்கவில்லை.

பத்திரிகைகளில் இந்தச் சொல் ஒரு மனிதனின் பெயருக்கு முன்னொட்டாகவே ஆனது. சேலம் மாவட்டத்துக்காரனான லாரி ஓட்டுநர் ஒருவன் பல வன்புணர்வு, கொலை வழக்குகளில் தேடப்பட்டான். கொல்லப்பட்டவர்களில் ஒரு பெண் காவலரும் இருந்தார். 2011இல் காவலிலிருந்து தப்பினான், பிடிபட்டான். 2013இல் பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறையின் மதிலைத் தாண்டினான், மறுபடி பிடிபட்டான். 2018இல் அதே சிறையில் தற்கொலை செய்துகொண்டான். செய்தித்தாள்களுக்கு அவன் 'சைக்கோ சங்கர்'. பெயரும் சைக்கோவும் அப்படி ஒட்டிப்போயின.

அதே தமிழ்நாட்டில் 2019இல் பொள்ளாச்சி வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2018இல் சென்னை அயனாவரத்தில், காது கேளாத பதினொரு வயதுச் சிறுமியின் வழக்கில் பதினேழு பேர் கைதானார்கள். லிஃப்ட் இயக்குகிறவர், காவலாளி, தண்ணீர் கொண்டுவருகிறவர் என்று ஒரு குடியிருப்பின் அன்றாட வேலைக்காரர்கள். பதினேழு சைக்கோக்கள் ஒரே வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. எழுத முடியாது. அந்தச் சொல் தனியாளுக்கானது. கூட்டமாகச் செய்தால் அதற்கு வேறு சொற்கள் வந்துவிடுகின்றன. உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் இன்னொரு சங்கரை வெட்டிச் சாய்த்தவர்களைப் பற்றியும் அந்தச் சொல் பேசப்படவில்லை. சாதிக்காக வெட்டுகிறவனுக்கு நம் மொழியில் புத்தி தெளிவாகவே இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு வெறும் சொல்லாராய்ச்சியாக இருந்தது, என் மாணவி ஒருத்தி அந்தச் சொல்லைக் காவல் நிலையத்திலிருந்து வாங்கிக்கொண்டு வரும்வரை.

நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவள். வீட்டில் தெலுங்கு, கல்லூரியில் தமிழ். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். 1960 ஏப்ரலில் எல்லையை மாற்றிப் போட்டார்கள், நாக்கை மாற்றவில்லை. இரண்டாமாண்டு இளங்கலை. அவள் வரும் பேருந்தில் ஒருவன் ஏறி, அவள் பின்னால் நின்று, அவள் வீட்டு ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வான். அவ்வளவுதான். தொடமாட்டான். அம்மா பெயர், தம்பி பெயர், தம்பி படிக்கும் பள்ளியின் பெயர். ஆறு மாதம் இப்படி நடந்தபிறகுதான் என்னிடம் சொன்னாள். புகார் எழுதிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். முதலில் அது ஆந்திராவா தமிழ்நாடா என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு, வயதான ஒரு அதிகாரி, கெட்டவரல்ல, அலுத்துப்போனவர், அவளைப் பார்த்துச் சொன்னார்: "அவன் ஒரு மாதிரி சைக்கோம்மா. எங்களுக்கே தெரியும். அவனுங்ககிட்டலாம் பேசிப் பிரயோஜனம் இல்ல. நீ கொஞ்ச நாளைக்கு வேற பஸ்ல போ."

வெளியே வந்து படியில் நின்று அவள் கேட்டாள்: "அப்போ சைக்கோன்னா அவனை ஒண்ணும் பண்ண முடியாதாம்மா?"

வேறு பேருந்து என்பது நாற்பது நிமிடம் முன்னால் கிளம்புவது. முதல் மணி வகுப்புக்கு அவளே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாமாண்டில் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டு அஞ்சல்வழிக்கு மாறினாள். அவனுக்கு ஒரு பட்டம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவேண்டியது தள்ளிப்போயிற்று.

அவளுடைய கேள்விக்கு நான் தமிழ்த்துறையில் இருந்துகொண்டு பதில் தேட ஆரம்பித்தேன். பதில் தெரிந்தவர்கள் என்று நினைத்தவர்களிடம் முதலில் கிடைத்தது அந்த அதிகாரி சொன்னதேதான், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில். அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் இந்த வகை மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெளியே பார்த்தால் தெளிவு, பேச்சில் இனிமை, உள்ளே குற்ற உணர்ச்சி என்ற சரக்கே கிடையாது என்பது அவர் தந்த சித்திரம். பிறகு கனடாவின் ராபர்ட் ஹேர், சிறைக்கைதிகளை வைத்து இருபது அம்சங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. மொத்தம் 40; வட அமெரிக்காவில் 30ஐ எட்டினால் சைக்கோபாத். பரிவு இல்லாமை, பொய், பிறரைக் கருவியாக்குதல், பொறுப்பை ஏற்காமை என்று போகும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, தெரிந்தவர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். படிக்கும் எல்லாருக்கும் வருவார்களாம். அதனால்தான் பயிற்சி பெற்றவர் தவிர வேறெவரும் அதைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறார்கள். நான் மூடிவைத்துவிட்டேன்.

இவர்களைத் திருத்த முயன்ற கதைகளில் ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. கனடாவின் ஒண்டாரியோவில் பெனெட்டாங்குயிஷீன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில், 1960களின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும், கைதிகளே ஒருவருக்கொருவர் மணிக்கணக்காக மனம்விட்டுப் பேசிச் சிகிச்சை செய்துகொள்ளும் திட்டம் நடந்தது. எல்.எஸ்.டி.யும் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து மார்னி ரைஸும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் முடிவை வெளியிட்டார்கள். சைக்கோபாத் அல்லாதவர்களுக்கு அது நன்மை செய்திருந்தது. சைக்கோபாத்களோ, சிகிச்சையே பெறாத தங்கள் வகையினரைவிட அதிகமாக வன்முறைக் குற்றத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மற்றவர் மனதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தோம், அவர்கள் அதை மற்றவரை ஏய்க்கப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கவிதைப் பட்டறை நடத்துகிற எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. பரிவைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தானே இலக்கிய வகுப்பு ஓடுகிறது.

எனவே 'ஒன்றும் பண்ண முடியாது' என்பது ஐம்பது ஆண்டுகளாக அறிவுலகத்தின் முடிவாகவும் இருந்தது. அதை மறுத்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு நேரே மூளைக்குப் போனார்கள். அந்தக் கருவியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பதால் அந்த ஆய்வுகள் எனக்குச் சட்டென்று பிடிபட்டன.

என் தங்கை மகனுக்கு ஒன்பது வயது. ஒரு இடத்தில் உட்காரமாட்டான், கவனம் நிற்காது. சென்னையில் ஒரு மையத்தில் நியூரோஃபீட்பேக் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தங்கை வாரம் இரண்டு முறை அரக்கோணம் வழியாக ரயிலில் அழைத்துப் போனாள். சில நாள் நானும் துணைக்குப் போனேன். தலையில் பசை தடவி எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு விமானம். மூளையின் மின்னலை விரும்பிய நிலைக்கு வந்தால் விமானம் மேலே போகும். நழுவினால் கீழே இறங்கும். கையால் தொட எதுவும் கிடையாது. "எப்படிடா மேல ஏத்துற?" என்று கேட்டேன். "தெரியல பெரியம்மா. ஏறணும்னு நெனச்சா ஏறாது. சும்மா இருந்தா ஏறுது" என்றான். சித்தர் பாடல் நடத்துகிறவளுக்கு இதற்குமேல் என்ன சொல்ல. அறிவியல் மொழியில் இதன் பெயர், பழக்கித்தல். மூளை தன் நிலையைத் தானே பார்க்க ஒரு கண்ணாடி கிடைக்கிறது, சரியாக வரும்போது ஒரு சின்னப் பரிசு கிடைக்கிறது, திரும்பத் திரும்ப நடந்து அது கைவசப்படுகிறது. கவனக்குறைவுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பலன் தருகிறது என்பதில் நிபுணர்களிடையே சண்டை ஓயவில்லை. தங்கை ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டிய பணத்தில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதே கண்ணாடியைத்தான் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொடுங்குற்றவாளிகளுக்கு முன்னால் வைத்தார்கள். 2014இல் வெளிவந்த ஒரு முன்னோட்ட ஆய்வில் நான்கே பேர். சைக்கோபாத் என்று அளக்கப்பட்ட குற்றவாளிகள். எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி, மூளையின் இன்சுலா என்ற பகுதியில் ஓடும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் பார்த்து, அதைத் தாங்களாகவே கூட்ட வேண்டும். உடம்பின் கலக்கத்தை உணர்வாக மாற்றுவதில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. எப்படிக் கூட்டுவது? தங்கள் வாழ்க்கையில் நடந்த துயரமான, வேதனையான தருணங்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நால்வரில் ஒருவருக்கே அது கைகூடியது. சைக்கோபதி மதிப்பெண் கூடுதலாக இருந்தவர்களால் குறைவாகவே முடிந்தது.

தங்கள் துயரம் என்பதைக் கவனித்தேன். மூளையைத் தூண்ட எளிய வழி அதுதான்; ஆய்வாளர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கருவிக்குள் படுத்திருக்கிறவன் தேடித் துழாவி எடுக்கும் வேதனை, அவனுக்கு நேர்ந்தது. அவனால் இன்னொருவருக்கு நேர்ந்தது அல்ல.

அடுத்த ஆண்டு, 2015இல், லிலியன் கோனிகார், நீல்ஸ் பிர்பாமர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் பெரியது. எம்ஆர்ஐ இல்லை, என் தங்கை மகன் போட்ட அதே வகைத் தொப்பி. மூளைப் புறணியில் சில நொடிகளுக்கு மெல்ல ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஒன்று உண்டு. பாயத் தயாராவது, தயக்கத்தோடு நிற்பது போன்ற நிலைகளோடு அதற்குத் தொடர்பு. அதை விரும்பியபடி மேலேயும் கீழேயும் கொண்டுபோகப் பயிற்சி. கற்றுக்கொண்டார்கள். திருத்தவே முடியாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் தங்கள் மூளையின் ஒரு அசைவைத் தாங்களே பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆக்ரோஷமும் யோசிக்காமல் பாய்வதும் குறைந்தன. தவறு செய்யும் கணத்தில் மூளை துணுக்குறும் ஒரு மின்னசைவு கூடியது.

என் மாணவியின் கேள்விக்கு இது ஒரு பதில்தான். 'பேசிப் பிரயோஜனம் இல்ல' என்று யாரையும் எழுதி மூடிவிட முடியாது. சிறிய ஆய்வு, இன்னும் பலர் பல இடங்களில் செய்துபார்க்க வேண்டியது. இருந்தாலும் அந்தக் கதவைத் தட்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மரண தண்டனை கேட்டு மெழுகுவத்தி ஏந்துகிற கூட்டத்தைவிட அதிக மரியாதை.

ஆனால் அந்தத் 'தவறு' எது என்று பார்க்க வேண்டும். இத்தகைய சோதனைகளில் திரையில் ஒரு குறி வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும், வேறொன்று வந்தால் அழுத்தக் கூடாது. கை முந்திவிட்டால் அது தவறு. பொத்தானுக்கு வலிக்காது. அளக்கப்பட்டவை எல்லாமே அவனுடையவை: அவன் மூளை, அவன் நடத்தை, தன்னைப் பற்றி அவன் சொன்னவை. இந்த மாற்றம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் அந்த அறைக்குள் இல்லை.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சைக்கோபாத் அல்ல. அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அம்மையார்குப்பத்தில் குழித்தறி. பாவில் ஒரு இழை அறுந்தால், நெய்வதை நிறுத்தி, குனிந்து, கண்ணுக்குத் தெரியாத அந்த நூலைத் தேடிப் பிடித்து, விரலை நாக்கில் தொட்டு முடிச்சுப் போடுவார். ஒரு நாளில் இருபது முப்பது முறை அறுந்தாலும் முகம் சுளித்ததில்லை. அறுந்த இழைமேல் கோபப்பட்டால் இன்னும் நாலு இழை போகும் என்பார். நூல் கொடுக்கும் முதலாளி கணக்கில் ஏமாற்றுவது தெரிந்தும் அவர் முன்னால் கைகட்டி நிற்பார். அந்த மனிதர்தான் குழம்பில் உப்பு கூடியதற்கு, கேட்டதும் தண்ணீர் வராததற்கு, சில நாள் எதற்கென்றே தெரியாமல், பெரியம்மாவை அடித்தார். 'அவருக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது' என்று உறவில் எல்லாரும் சொல்வார்கள். கண்ணும் தெரிந்தது மண்ணும் தெரிந்தது. தறியிலும் முதலாளி வீட்டிலும் தெளிவாகத் தெரிந்தது. வாசற்படி தாண்டி உள்ளே வந்தபிறகுதான் தெரியாமல் போனது.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மண்டலம் மாலை போடுவார். அந்த நாற்பத்தெட்டு நாளும் அடி கிடையாது. குரல் உயராது. பெரியம்மா அவரைச் 'சாமி' என்று கூப்பிடுவார். அவர் பெரியம்மாவை 'வாம்மா, போம்மா' என்பார். வெறுங்காலோடு பூக்காவடி தூக்கிக்கொண்டு 365 படியும் ஏறுவார். தணிகை என்ற பெயரே சினம் தணிந்த இடம் என்பதால் வந்தது என்று தலபுராணம். சூரனோடு போரிட்ட சினமும், வள்ளிக்காக அவள் வீட்டு வேடர்களோடு மோதிய சினமும் இங்கேதான் முருகனுக்குத் தணிந்ததாம். பெரியப்பாவுக்கும் தணியும். மாலையைக் கழற்றி, ஊருக்கு வந்து, இரண்டு நாளோ மூன்று நாளோ. அதற்குமேல் தாங்காது. பெரியம்மா ஆண்டுதோறும் அந்த நாற்பத்தெட்டு நாளுக்காகக் காத்திருந்ததும், மாலை கழற்றும் நாளன்று காலையிலேயே முகம் இறுகி வேலை செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது. மூளை அடக்கத்தைக் கற்குமா என்ற கேள்விக்கு நான் ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை. நாற்பத்தெட்டு நாள் அடக்கத் தெரிந்த மூளையை எனக்குத் தெரியும்.

திகார் சிறையில் வன்புணர்வுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற நூறு பேரை மதுமிதா பாண்டே என்ற இளம் ஆய்வாளர் முனைவர் பட்டத்துக்காகப் பேட்டி கண்டார். அரக்கர்களைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துப் போனதாகவும், பார்த்தது சாதாரண ஆண்களை என்றும் 2017இல் பேட்டிகளில் சொன்னார். சாதாரணம் என்பது ஆறுதலான செய்தியல்ல. சாதாரணத்துக்குத் தொப்பி மாட்ட முடியாது. அதே திகாரில் 1994 ஏப்ரலில், கிரண் பேடி தலைவராக இருந்தபோது, ஆயிரம் கைதிகளுக்குமேல் ஒன்றாக உட்கார்ந்து விபாசனா பயின்றார்கள். மூச்சைக் கவனி, சினம் எழுவதைக் கவனி. எலெக்ட்ரோடு இல்லாத நியூரோஃபீட்பேக் என்று அதைச் சொல்லலாம், விபாசனாக்காரர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால். அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதுதானே.

இனி, நம் நாட்டில் அந்தத் தொப்பி என்ன ஆனது என்பதற்கு வருகிறேன். குற்றம்சாட்டப்பட்டவர்களின் தலைக்கு அது இங்கே எப்போதோ வந்துவிட்டது. ஆனால் கற்றுக்கொடுக்க வரவில்லை. சாட்சி சொல்ல வந்தது.

நிம்ஹான்ஸில் பணியாற்றிய உளவியலாளர் சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய ஒரு முறை, சுருக்கமாக பியோஸ் என்பார்கள். சந்தேகத்துக்குரியவரின் தலையில் எலெக்ட்ரோடுகளைப் பொருத்தி, கண்ணை மூடச் சொல்லி, சில வாக்கியங்களைக் கேட்கவைப்பார்கள். எல்லாம் 'நான்' என்று தொடங்கும். நான் அங்கே போனேன், நான் அதை வாங்கினேன். இடையிடையே வானம் நீலம் என்பது போன்ற சாதுவான வாக்கியங்கள். கேட்பவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தை மூளை வெறுமனே அறிந்திருக்கிறதா, அனுபவித்திருக்கிறதா என்று கருவி சொல்லிவிடுமாம். 2008 ஜூனில் புனே அமர்வு நீதிமன்றம், முன்னாள் காதலருக்குப் பிரசாதத்தில் ஆர்சனிக் கலந்து கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட எம்பிஏ மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, இந்தச் சோதனையையும் ஆதாரமாக ஏற்றுக்கொண்டது. உலகம் முழுக்க நரம்பியலாளர்கள் அதிர்ந்துபோனார்கள். பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழுவே இத்தகைய சோதனைகள் அறிவியல்பூர்வமானவை அல்ல என்று சொல்லிவிட்டது.

தமிழ் இலக்கணத்தில் 'நான்' என்பதற்குத் தன்மை இடம் என்று பெயர். தன்மை என்றால் இயல்பு என்றும் பொருள். ஒரு பெண்ணின் காதில் காவல்துறை எழுதிய 'நான்' வாக்கியங்களை ஊற்றி, அவள் மண்டைக்குள் ஏற்படும் அசைவை அவளுடைய தன்மை என்று படித்துச் சொன்னார்கள். பெண்ணுக்காகப் பிறர் 'நான்' எழுதுவது நமக்குப் புதிதில்லை. ஆண் புலவர்கள் தலைவி கூற்று பாடித்தான் நம் அகத்திணையே பெருகியது. அங்கே தலைவிக்குத் தண்டனை விதிக்க யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது ஒரு ஆறுதல்.

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளைச் சோதனை எதையும் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தன் மனதுக்குள் இருப்பதைச் சொல்லவும் சொல்லாமலிருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு. அந்தத் தீர்ப்பின் பெயர் செல்வி எதிர் கர்நாடக மாநிலம். அழகான தமிழ்ப் பெண் பெயர். முதன்முதல் படித்தபோது, சிறையில் வதைபட்ட யாரோ ஒரு ஏழைப்பெண் என்று கற்பனை செய்துகொண்டு வழக்கின் கதையைத் தேடிப்போனேன். மகள் வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டாள். 2004இல் மருமகன் கொல்லப்பட்டார். சந்தேகிக்கப்பட்டவர்களில் மாமியாரும் ஒருவர். அவர்தான் செல்வி. அவரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் என் மூளையின் பாதுகாப்புக்கு நான் கடன்பட்டிருக்கும் வழக்கு, சாதி மறுத்து மணந்த ஒரு பெண் விதவையான வழக்கு. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நெடுநாள் தெரியவில்லை. அந்த மகளுக்கு நீதி கிடைக்கவேண்டும். அதற்காக எவர் மண்டையையும் திறக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டியிருக்கிறது.

ஏனெனில் மண்டையைத் திறக்கும் அதிகாரம் கிடைத்தால் முதலில் யார் மண்டை என்பதற்கு உதாரணம் வந்துவிட்டது. 2020இல் ஹாத்ரஸில் தலித் பெண் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்து, உடல் இரவோடிரவாக எரிக்கப்பட்டபிறகு, உத்தரப்பிரதேச அரசு நார்கோ, பொய் கண்டறியும் சோதனைகளை அறிவித்தது. சோதிக்கப்படுவோர் பட்டியலில் இறந்த பெண்ணின் குடும்பமும் இருந்தது. மகளைப் பறிகொடுத்தவர்களின் துக்கம் உண்மையா என்று கருவி வைத்துப் பார்ப்போம் என்கிற அரசு, எங்கள் சிறைகளில் கைதிகளுக்குப் பரிவு கற்றுத்தரக் கருவி வாங்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வாங்கினாலும், 'பயிற்சி முடித்தார், மூளை சீராக உள்ளது' என்ற ஒரு தாள் பரோல் கோப்பில் சேரும். அந்தத் தாளில் கையெழுத்து மருத்துவருடையது, சிறை அதிகாரியுடையது.

புழல் சிறைக்கு நாளையே யாராவது இந்தத் தொப்பியைக் கொண்டுவரட்டும், நான் எதிர்க்கமாட்டேன். கட்டாயமில்லாமல், தண்டனைக் குறைப்பு ஆசை காட்டாமல், கற்றுக்கொள்ள விரும்புகிறவனுக்குக் கிடைக்கட்டும். என் நிபந்தனை ஒன்றுதான். அவன் வெளியே வரும்போது யார் வீட்டுக்குப் போகிறானோ அவளிடம், யார் ஏறும் பேருந்தில் ஏறுவானோ அவளிடம், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போய்க் கேட்க வேண்டும். தனியாக வைத்து, ஒரு பெண் போய்க் கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா, எந்தப் பேருந்தில் போகிறாய். அவள் சொல்வது ஆய்வின் முடிவுக்குள் எண்ணாக வர வேண்டும். அவளுக்கு ஆபத்து என்றால் தங்க இடம் வேண்டும். அதற்கு ஆகும் செலவு தொப்பியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

பெரியப்பா போய்ப் பன்னிரண்டு ஆண்டாகிறது. பெரியம்மா இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். போன கிருத்திகைக்குப் போயிருந்தபோது இந்த ஜெர்மன் கதையைச் சொன்னேன். தலையில் ஒன்றை மாட்டி, எதிரே படம் காட்டி, கோபத்தை அடக்கப் பழக்குகிறார்களாம், கொலைகாரர்களுக்கே பலிக்கிறதாம் என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்: "அத மாட்டிக்கினே வூட்டுக்கு வருவானா? இல்ல அங்கியே கழட்டி வெச்சிட்டு வருவானா?"

ஆய்வாளர்கள் கேட்பதும் இதைத்தான். திரையை அணைத்துவிட்டு, விமானம் தெரியாத நிலையில், கற்றது நிற்கிறதா என்று தனியாகச் சோதிப்பார்கள். அதைச் சொன்னேன். திரையை அணைச்சா அங்க பொண்டாட்டி இருப்பாளா என்றார். இல்லை, டாக்டர்தான் இருப்பார் என்றேன். பெரியம்மா காம்புகளை ஒதுக்கி முறத்தைத் தட்டினார். பிறகு, பையனுக்கும் அதத்தானே மாட்னாங்க, இப்ப ஒரு எடத்துல குந்தி சாப்புட்றானா என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார்.